சத்தமில்லாமல் ஒரு கல்யாண ஊர்வலம்

ஆகஸ்ட் பாதி கடந்துவிட்டால், பள்ளத்தாக்கின் கீழ்வாசலைத் திறந்ததும் செவஸ்தி முதலில் தரையைத்தான் பார்ப்பாள். மரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஓடைக்கரையின் ஈரமண்ணில், மரப்பாலத்தின் பலகை இடுக்கில், பாதையோரக் கற்களில் விழுந்து கிடக்கும் அந்துப்பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். சாம்பல் வைத்த மாதிரி இருக்கும், எடையே தெரியாது. மேல் இறகில் கறுப்பும் வெளிர்மஞ்சள் கோடுகளும். அதை விரல்நுனியால் விலக்கினால் கீழே ஒரு சிவப்பு. உயிரோடு இருக்கும்போது பறந்தால் மட்டுமே தெரிகிற சிவப்பு.

இருபத்துநாலு வருடமாக அவள் இந்தப் பள்ளத்தாக்கின் காவல்காரி. ரோட்ஸ் தீவு முழுவதும் வெயிலில் காய்ந்து கிடக்கிற மாதங்களில் இந்த ஓரிடத்தில்தான் ஓடை வற்றாமல் ஓடும். சாம்பிராணி வாசம் வீசும் மரங்கள் அதன்மேல் கூரை போட்டு நிற்கும். ஜூன் பிறந்ததும் தீவின் எல்லா மூலையிலிருந்தும் பூச்சிகள் இங்கே வந்து மரப்பட்டையில் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு எதுவும் சாப்பிடாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்புதான் விளக்கில் ஊற்றிய எண்ணெய். அதை வைத்துக்கொண்டு கோடை முழுவதும் அசையாமல் உட்கார்ந்திருந்தால், ஆகஸ்ட் கடைசியில் ஜோடி சேர்ந்து, பெண்பூச்சிகள் திரும்பத் தீவெங்கும் பறந்துபோய் முட்டையிட்டுவிட்டுச் சாகும். யாராவது கை தட்டினாலோ விசிலடித்தாலோ எல்லாம் ஒரேயடியாக எழும்பும். பார்க்கிறவர்களுக்கு அது சிவப்பு மேகம். பூச்சிக்கு எண்ணெய் கொட்டிப்போகிறது. கீழ்வாசலில் ‘கை தட்டாதீர்கள்’ என்று ஆறு மொழியில் பலகை வைத்திருப்பது அதனால்தான்.

நல்ல வருடத்தில் மரப்பட்டையே கண்ணுக்குத் தெரியாது. மூன்று குளிர்காலமாகச் சரியான மழையில்லை. இந்த வருடம் மரத்துக்கு மரம் பட்டை தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கையில் நாலு பூச்சிகளோடு நின்றுகொண்டிருந்தபோது கல்லியோப்பி வந்தாள். வரப்போகிற சனிக்கிழமை அவளுடைய மகன் நிகித்தாஸுக்கும் செவஸ்தியின் ஒரே மகள் வயாவுக்கும் கல்யாணம். கல்லியோப்பியின் கையில் துணி போர்த்திய தட்டு. எள்ளும் தேனும் கிளறிச் செய்கிற கல்யாண இனிப்பு, மெலெகூனி. முன்கையில் அவள் நடக்கும்போதெல்லாம் பேசுகிற வளையல்கள்.

“கையில என்ன சம்பந்தி, பொணமா?”

“நாலு.”

“காலங்காத்தால பொணம் பொறுக்கிறவ வீட்டுல சம்பந்தம் வச்சிருக்கேன், என் நேரம்” என்றபடி தட்டை வாசல் மேசையில் வைத்தாள். “ருசி பாரு. எள்ளு தூக்கலா இருக்குன்னு என் தங்கச்சி சொல்றா. அவ எதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கா?”

செவஸ்தி கையைக் கழுவிக்கொண்டு ஒரு துண்டு வாயில் போட்டாள். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது தெரிந்தேயிருந்தது.

“மேட்டுப் பாதையில பாறை விழுந்து கெடக்கே, எடுத்தாச்சா?” என்று கேட்டாள்.

“எடுக்கிறவன் ஈஸ்டருக்கு வரேன்னான். எந்த ஈஸ்டர்னு சொல்லல.” கல்லியோப்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அதான் வந்தேன். சனிக்கிழமை சாயந்திரம் ஊர்வலம் உன் பள்ளத்தாக்கு வழியாத்தான் போகணும். வேற வழி இல்ல.”

மலையேறி மாதா கோயிலுக்கு நடந்துபோக இருந்தவை இரண்டே வழிகள். ஒன்றில் மார்ச் மாதம் விழுந்த பாறை படுத்திருந்தது. மலையைச் சுற்றிப் பின்பக்கமாக பஸ் போகும். ஆனால் பஸ்ஸில் ஏறிப்போவதற்குப் பெயர் ஊர்வலம் இல்லை. அந்த ஊரில் மணப்பெண்ணின் வீட்டு வாசலில் வயலின் தொடங்கினால் கோயில் வாசலில்தான் நிற்க வேண்டும். நடுவில் நின்றுபோனால் அந்தக் கல்யாணம் நடுவில் நின்றுபோகும் என்பார்கள்.

“வேற கோயில்ல வைக்கலாமேன்னு நீ கேக்க மாட்டேன்னு தெரியும்” என்றாள் கல்லியோப்பி. “ஆறு வயசுல அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஒன்பது நாள் கண்ணு தொறக்கல. நான் முட்டி போட்டு மேல ஏறிப்போய் அவகிட்ட சொன்னேன். இவனைக் குடு, மருமகளை வயலினோட உன் வாசலுக்கு நடத்திக் கூட்டிட்டு வரேன்னு. குடுத்தா. நான் ஏமாத்தலாமா?”

நிகித்தாஸ் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன். செப்டம்பர் ஆறாம் தேதி கப்பலேறினால் எட்டு மாதம் திரும்ப மாட்டான். தள்ளிப்போடவும் முடியாது. தான் வேலை செய்கிற அலுவலகத்தில் செவஸ்தி முன்பே கேட்டுப் பார்த்திருந்தாள். ‘உன் மகள் கல்யாணம், உன் பள்ளத்தாக்கு. நீ வேண்டாம் என்றால் வேண்டாம், சரி என்றால் சரி’ என்று சொல்லிவிட்டார்கள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. அந்த வாரம் முழுக்க அது அவளுக்குக் கனத்தது.

“கீழ்வாசல்லேருந்து மேல்வாசல் வரைக்கும் மட்டும் வாசிக்காம வந்தா?” என்றாள் கடைசியில்.

கல்லியோப்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “உன் கல்யாணத்துக்கு வாசிச்சாங்களே. நான் வந்திருந்தேன். நாப்பது அடிக்கு மேல எழும்பிச்சு. உன் முக்காடு வெள்ளையா செவப்பான்னே தெரியல. மாதாவே முக்காடு போட்டுவிட்டான்னு ஊரே அழுதுச்சு. உனக்கு எழும்பலாம், என் மருமகளுக்கு எழும்பக் கூடாதா?”

“அது ஆசீர்வாதம் இல்ல சம்பந்தி.” செவஸ்தியின் குரல் இறங்கியிருந்தது. இருபத்தெட்டு வருடமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. “அது பயம்.”



“பயமோ பக்தியோ” என்று கல்லியோப்பி எழுந்தாள், “அழகா இருந்துச்சு.” வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். “பூச்சிக்காக மாதாகிட்ட வாக்குத் தவறினேன்னு நான் போய் எப்படிச் சொல்றது? அதையும் நீயே யோசிச்சுச் சொல்லு.”

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் செவஸ்திக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டிவிட்டுப் போயிருந்தால் சுலபமாகக் கோபப்பட்டிருக்கலாம்.

மத்தியானம் வீட்டுக்குப் போனாள். கணவன் இறந்து ஒன்பது வருடமாகிறது. வீட்டில் அவளும் வயாவும்தான். சீதனமாக அந்த வீட்டை மகள் பேருக்கு எழுதியாகிவிட்டது. மாடியில் புது ஜோடி, கீழே செவஸ்தி என்று ஏற்பாடு. கல்யாண உடுப்பு கதவின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வயா தரையில் உட்கார்ந்து, சர்க்கரை பூசிய பாதாம்பருப்பை மெல்லிய துணியில் ஐந்தைந்தாக முடிந்துகொண்டிருந்தாள். செவஸ்தியும் பக்கத்தில் உட்கார்ந்து முடியத் தொடங்கினாள். தாயும் மகளும் பேசாமல் அரைமணி நேரம் உட்காரக்கூடியவர்கள். அன்றைய பேசாமை அந்த மாதிரியானது இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

“மாமி வந்தாங்களாம்” என்றாள் வயா.

“ம்.”

“என்னம்மா சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல.”

வயா ஒரு முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். “ஸ்கூல்லேருந்து பள்ளத்தாக்குக்குக் கூட்டிட்டு வருவாங்க, ஞாபகம் இருக்கா? டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினதும் எல்லாப் பசங்களும் கை தட்டுவாங்க. நான் மட்டும் ரெண்டு கையையும் கக்கத்துல வச்சுக்கிட்டு நிப்பேன். நீ பாலத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பே.”

“உன்னை நான் ஒண்ணுமே சொன்னதில்லையேடி.”

“அதைத்தான் சொல்றேன். சொல்ல மாட்டே. பாப்பே.” அவள் சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. “ஒரு நாள், என் கல்யாணத்தன்னிக்கு மட்டும், காது கிழியற சத்தம் வேணும்னு நெனச்சிருந்தேன்மா. அவ்வளவுதான்.”

செவஸ்தி முடிந்த பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“வேண்டாம்னா வேண்டாம்னு கேளு” என்றாள் வயா. “நீ கேட்டா நான் செய்வேன். கேக்காம இப்படிப் பாத்துக்கிட்டு மட்டும் இருக்காதே.”

கேட்பதற்கு வாய் வரவில்லை. மகளிடம் அவள் இதுவரை எதையும் கேட்டதில்லை. கேட்காமலேயே கிடைத்துவிட்டதை நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வயலின்காரர் ஸ்தெர்கோஸ் வீட்டுக்குப் போனாள். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஊரில் நாற்பத்துமூன்று வருடமாக எல்லாக் கல்யாணத்துக்கும் அவர்தான். முற்றத்தில் பனியனோடு உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை விதையைத் துப்பிக்கொண்டே கேட்டார்.

“முடியாது” என்றார்.

“அண்ணே, இருபது நிமிஷ வழி.”

“இருபது நிமிஷம் நிறுத்தினவன் ரெண்டு நிமிஷம் நிறுத்தினவனைவிட மோசம். தொண்ணூத்தாறுல நரம்பு அறுந்து நின்னேன். அந்தப் புருஷன் பொண்டாட்டி ஆறு மாசத்துல ஆஸ்திரேலியா போயிட்டாங்க, ஆளுக்கு ஒரு ஊரு. இன்னிவரைக்கும் அந்தப் பொண்ணோட அம்மா என்கிட்ட பேசறதில்ல. டிக்கெட் எடுத்துக் குடுத்தது நான்ங்கற மாதிரி பாக்கறா.”

“பூச்சி இந்த வருஷம் மூணுல ஒரு பங்குகூட இல்லண்ணே. ஜோடி சேர ஆரம்பிச்சிருக்கு. இப்ப எழும்பினா முட்டையிடற அளவுக்குத் தெம்பு மிச்சம் இருக்காது.”

“நான் பூச்சிக்கா வாசிக்கிறேன்?”

எழுந்து வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை, அவள் எதிர்பார்க்காத நேரத்தில் ஸ்தெர்கோஸ் கீழ்வாசலில் நின்றார். வயலின் இல்லை. “எழுபது வயசாகப்போகுது, உள்ளூர்க்காரன், இதுக்குள்ள பொறுமையா உக்காந்ததே இல்ல. திற” என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லில் உட்கார்ந்தார். செவஸ்தி தன் வேலையைப் பார்த்தாள். சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருமணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோதும் அவர் அங்கேயே இருந்தார். மூன்றாவது மணி நேரத்தில் கையசைத்து அவளைக் கூப்பிட்டார்.

அவருக்கு முன்னால் இருந்த மரத்தில், முழங்கை உயரத்தில், இரண்டு பூச்சிகள் வால்கள் ஒட்டியபடி எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தன. அசைவில்லை.

“நான் வந்ததுலேருந்து இப்படியே இருக்கு” என்றார் தாழ்ந்த குரலில். “செத்துப்போச்சோன்னு நெனச்சேன். கிட்டப்போய்ப் பாத்தா அந்த மீசை மட்டும் ஆடுது.”

“ஆமாண்ணே. ராத்திரிவரைக்கும்கூட இருக்கும்.”

“எங்க வீட்ல இவ்வளவு நேரம் சேந்தாப்புல உக்காந்து நான் பாத்ததில்ல.” அவருடைய இடதுகை விரல்கள் முழங்காலின் மேல் எதையோ அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தன. பிறகு சொன்னார்: “பாட்டு நிக்கக் கூடாது. அவ்வளவுதானே வழக்கம்? கேக்கணும்னு எவனும் சொல்லல. வில்லை நரம்புக்கு ஒரு மயிரிழை மேல ஓட்டறேன். விரலு அதுபாட்டுக்குப் போகும். ஒரு ஸ்வரம் விடாம முழுசா வாசிச்சுக்கிட்டு வரேன். என் காதுக்குக் கேக்கும்.”

“கல்லியோப்பி ஒத்துக்குவாங்களா?”

“அது உன் பாடு. பொம்பளைங்க சண்டைக்கு நான் வாசிக்கிறதில்ல.”

அன்று சாயங்காலம் செவஸ்தி வீட்டுக்குப் போய், உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகளின் முன்னால் நின்றாள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

“கேக்கறேன்” என்றாள். “சத்தம் இல்லாம வா.”

வயா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அம்மாவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, “வா, மாமி வீட்டுக்குப் போகலாம். நான் பேசறேன். நீ கதவுகிட்ட நின்னு பாரு, உனக்குத்தான் அது நல்லா வரும்” என்றாள்.

கல்லியோப்பி அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஸ்தெர்கோஸுக்குப் போன் போட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “மாதாவுக்குக் கேக்குமா?”

போனில் அவர் குரல் அடுப்படி முழுக்கக் கேட்டது. “மனசுக்குள்ள சொல்ற ஜெபம் அவளுக்குக் கேக்குதுன்னா இதும் கேக்கும். கேக்கலேன்னா இத்தனை வருஷமா நீ வேண்டிக்கிட்டதெல்லாமே வீண்.”

“நாக்கு நீளம்டா உனக்கு” என்று போனை வைத்தாள். பாத்திரத்தைக் கிளறினாள். இரண்டு பேரும் நிற்பதையே மறந்தவள்போலக் கிளறிக்கொண்டிருந்தாள். “செவப்பா எழும்பறதைப் பாக்கணும்னு இருந்தேன்” என்றாள், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. “சரி விடு. என் மாமனாரு வீட்டு ஆளுங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். அவங்களுக்கு வாய் மூடி நடக்கறது பழக்கமில்ல.”

சனிக்கிழமை சாயங்காலம் செவஸ்தியின் வாசலில் வயலின் தொடங்கியது. தெருவெல்லாம் பாட்டும் கைத்தட்டலுமாகக் கீழ்வாசல்வரை வந்தார்கள். நூற்றிநாற்பது பேர். அங்கே ஸ்தெர்கோஸ் திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். வில் நரம்பைவிட்டு எழும்பியது. ஆனால் நிற்கவில்லை. காற்றில் அதே வேகத்தில் போய் வந்தது. பக்கத்தில் லாவுத்து என்கிற நரம்புக்கருவி வாசிக்கிறவனும் நரம்பைத் தொடாமல் விரலை ஆட்டினான்.

செருப்புகளைக் கழற்றி வாங்கி, பெட்டியில் போட்டு, கழுதைமேல் ஏற்றி மலையைச் சுற்றிப் போகிற பஸ்ஸுக்கு அனுப்பியாயிற்று. கல்லியோப்பி வளையல்களின்மேல் கைக்குட்டையைச் சுற்றி முடிந்திருந்தாள். நிகித்தாஸின் சித்தப்பா கோயில் வாசலில் கல்யாண வேட்டாகச் சுடக் கொண்டுவந்த துப்பாக்கியை செவஸ்தி வாங்கிக் காவல் அறையில் வைத்துப் பூட்டினாள். “என் கையையே வெட்டின மாதிரி இருக்கு” என்று அவர் முணுமுணுத்தார். “அந்தக் கையை வாயில வச்சுக்கோ” என்றாள் கல்லியோப்பி.

அதுதான் கடைசிப் பேச்சு. உள்ளே போனார்கள்.

நூற்றிநாற்பது பேர் பேசாமல் நடக்கிற சத்தத்தை செவஸ்தி அதுவரை கேட்டதில்லை. உடுப்பின் சரசரப்பு, மூச்சு, ஈரக்கல்லில் வெறுங்கால். பாலத்தில் பலகை முனகாமலிருக்க மூன்று மூன்று பேராக விட்டாள். இருபது நிமிட வழிக்கு ஒருமணி நேரம் ஆனது. வயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பா இருந்தால் பிடித்திருக்க வேண்டிய கை. இரண்டு பக்கமும் மரங்களில் பூச்சிகள் இறகை மூடி உட்கார்ந்திருந்தன. ஒன்றிரண்டு அவையாகவே மரம் மாறின. அப்போது மட்டும் பச்சை இருட்டில் ஒரு சிவப்பு மின்னி அணைந்தது. அப்படி மாறிய ஒன்று கல்லியோப்பியின் கறுப்புச் சட்டைக் கையில் வந்து உட்கார்ந்தது. அவள் நின்றுவிட்டாள். செவஸ்தியைப் பார்த்தாள். செவஸ்தி மெல்லத் தலையசைத்தாள். அதன்பிறகு கல்லியோப்பி, நிறையத் தண்ணீர் ஊற்றிய தம்ளரைத் தூக்கிப்போகிறவளைப்போல, அந்தக் கையை முன்னால் நீட்டியபடியே ஏறினாள்.

மேல்வாசலுக்கு முன்னால் ஒரு வளைவு. ஓடை அங்கேதான் ஊறுகிறது. அந்த வருடம் பூச்சிகள் அதிகமாகத் தங்கியிருந்த இடமும் அதுதான். மரத்துக்கு மரம் ஜோடிகள். வளைவில் திரும்பினால் மரங்களின் இடைவெளியில் கோயில் மதிலும், மதிலின்மேல் திறந்த வளைவில் தொங்கும் மணியும் தெரியும். செவஸ்தி நிமிர்ந்து பார்த்தாள். மதிலோரம் நின்ற பாதிரியார் இவர்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. மணிக் கயிற்றை நோக்கிப் போனார்.

அவர் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர். மணப்பெண் கண்ணில் பட்டதும் மணியடிப்பது எந்தப் பாதிரியாரும் செய்வதுதான். செருப்பை யோசித்தார்கள், துப்பாக்கியை யோசித்தார்கள், வளையலை யோசித்தார்கள். அவரிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கத்தினால் நிறுத்திவிடலாம். கத்தத்தான் முடியாது. செவஸ்தியின் வாய் திறந்து அப்படியே நின்றது. இந்த மணி பள்ளத்தாக்குக்குள் எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும். கயிறு பாதிரியாரின் கைக்கு வந்துவிட்டது.

வயா அம்மாவின் கையை விட்டாள். தலையிலிருந்த முக்காட்டை ஊசியோடு பிடுங்கி எடுத்தாள். முடி அவிழ்ந்து சரிந்தது. வெள்ளைத் துணியைத் தலைக்குமேலே இரண்டு கையாலும் தூக்கி ஆட்டி, மணியின் பக்கம் வீசிக் காட்டினாள். வழக்கப்படி கோயில் வாசலில் பூச்செண்டோடு மணப்பெண்ணுக்காகக் காத்து நின்ற நிகித்தாஸ் அதைப் பார்த்தான். அவள் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தான். பூச்செண்டு போன இடம் தெரியவில்லை. கப்பலின் கொடிமரம் ஏறிப் பழகிய கால்கள் ஒரே தாவில் மதில்மேல் நின்றன. பாதிரியார் இழுத்தார். மணி சாய்ந்தது. அதன் நாக்கு அடிப்பதற்குள் மாப்பிள்ளை உள்ளே கைவிட்டு நாக்கைப் பிடித்து, மணியை நெஞ்சோடு கட்டிக்கொண்டான்.

பாதிரியார் இழுத்தார், இழுத்தார். மணி மாப்பிள்ளையையும் சேர்த்து ஆட்டியது. சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தவர், கல்யாண உடுப்பில் மணியோடு தொங்குகிறவனைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

கீழே நூற்றிநாற்பது பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சித்தப்பா கையை நிஜமாகவே வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். கல்லியோப்பியின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நீட்டிய கையை மட்டும் அசைக்கவில்லை. ஸ்தெர்கோஸ் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடி வில்லை ஓட்டிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கோயில் வாசற்படியில் கால் வைத்தபோதுதான் கையை இறக்கினார்.

மேல்வாசல் மரத்தருகே கல்லியோப்பி சட்டைக் கையைப் பட்டையோடு சேர்த்து வைத்தாள். பூச்சி யோசித்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு மரத்துக்கு மாறிக்கொண்டது. மாறும்போது இறகை ஒரு நொடி விரித்தது. அவள் சட்டையில் சிவப்பு பட்டு விலகியது. அவள் செவஸ்தியைப் பார்த்துச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்: “ஒண்ணு.”

நிகித்தாஸின் வெள்ளைச் சட்டையில் மார்பு நெடுக மணியின் பச்சைக் களிம்பு. அதோடுதான் மோதிரம் மாற்றினான். வழிபாடு முடிந்து, பின்பக்கம் காத்திருந்த இரண்டு பஸ்களில் எல்லோரும் ஏறினார்கள். கடற்கரை மண்டபத்தில் விருந்து. கதவு மூடி, பஸ் முதல் வளைவைத் தாண்டியதும் ஸ்தெர்கோஸ் வயலினைத் தோளில் வைத்தார். பிறகு அங்கே நடந்தது காது கிழிகிற சத்தம். ஓட்டுநர் ஒலிப்பானை விடாமல் அடித்தான். ஜன்னல்களைத் தட்டினார்கள், தரையை உதைத்தார்கள். வயா இருக்கைமேல் ஏறி நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தட்டினாள். தட்டிக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். செவஸ்தியும் தட்டினாள். முதல் இரண்டு தட்டுகள் தாளத்தில் விழவில்லை. பழக்கமில்லை.

செப்டம்பரில் மரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பெண்பூச்சிகள் எந்த இரவில் கிளம்பின, எந்த மலைச்சரிவில் எந்த இலையின் கீழ் முட்டையிட்டன என்பதை யாரும் பார்ப்பதில்லை. நிகித்தாஸ் கப்பலேறினான். அக்டோபர் நடுவில் மழை வந்தது. நவம்பரிலும் வந்தது. செவஸ்தி வாசலைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கிற மாதங்கள் அவை. மழைச் சத்தத்தைக் கேட்டபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். முட்டை பொரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். மயிரிழை பருமனில் புழுக்கள் ஏதோ ஒரு முட்செடியின் அடியில் குளிரைக் கடத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். நினைப்பதற்குமேல் செய்ய எதுவும் இல்லை. அந்த வருடம் நினைப்பது மட்டும் முன்புபோல் பாரமாக இல்லை. மாடியில் வயா சத்தமாகப் பாட்டு வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுவாள். குறைக்கச் சொல்லி இவள் கேட்டதில்லை. கூட்டச் சொல்லி ஒருமுறை கேட்டாள்.

மார்ச் மாதம் ஒரு காலையில் போன் வந்தது.

“சம்பந்தி, என் கீரைப் பாத்தியில ஒரு ரோமப் புழு.” கல்லியோப்பி ஏனோ தாழ்ந்த குரலில் பேசினாள். “கறுப்பு. முதுகுல நீளமா மஞ்சக் கோடு. ஓரத்துல வெள்ளைப் புள்ளி. இவன் உன் ஆளா?”

செவஸ்தி எழுந்து நின்றாள். “மஞ்சக் கோடு அகலமா இருக்கா?”

“அகலமாத்தான் இருக்கு. போன வருஷம் வரைக்கும் செருப்பாலதான் பதில் சொல்லுவேன். இன்னிக்குச் செருப்பைக் கையில எடுத்துட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன்.”

“எத்தனை?”

“ஒண்ணுன்னு நெனச்சேன். இரு.” இலைகளை விலக்கும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கக் குனிந்திருக்கிறாள். “மூணு. இந்தா இங்க ரெண்டு. அடக் கடவுளே, லெட்டூஸ் பூராவும்… பதினொண்ணு. பன்னெண்டு. இன்னிக்குச் சாலட்டுக்கு ஒரு இலை மிச்சமில்ல.”

“நான் வரேன் சம்பந்தி. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க.”

“நான் என்ன பண்ணப்போறேன்? தின்னட்டும்னு நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்” என்றாள் கல்லியோப்பி. “நீ வரும்போது கடையில கீரை வாங்கிட்டு வா.”